ராணுவக் கூட்டணியா, கூட்டாண்மையா? குன்னூரிலிருந்து ஒரு ஒப்பீடு

குன்னூர்க்காரர்களுக்கு இந்தியா–அமெரிக்கா உறவு வெறும் பேப்பர் செய்தி அல்ல. பக்கத்து வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் நம் ராணுவ அதிகாரிகளோடு அமெரிக்கா உட்படப் பல நாட்டு அதிகாரிகள் படிக்கிறார்கள். மார்க்கெட்டில் குடும்பத்தோடு கேரட் விலை கேட்டு நிற்பார்கள்.

இந்த உறவுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கூட்டணி, அதாவது 1960இல் ஜப்பான் செய்துகொண்டது போன்ற பாதுகாப்பு ஒப்பந்தம். ஜப்பானைத் தாக்கினால் அமெரிக்கா துணைக்கு வர வேண்டும். பதிலுக்கு ஜப்பான் மண்ணில் அமெரிக்கத் தளங்கள்.

இரண்டாவது கூட்டாண்மை, நாம் போகும் வழி. 2008 அணுசக்தி உடன்பாடு, 2016 தளவாட உடன்பாடு, பிறகு 2018இல் ரகசியத் தகவல்தொடர்பு உடன்பாடு, 2020இல் வரைபடத் தகவல் பகிர்வு உடன்பாடு என்று படிப்படியாக வளர்ந்தது. 2016 உடன்பாட்டின்படி நம் போர்க்கப்பல் அமெரிக்கத் தளத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு கணக்கைப் பின்னால் தீர்க்கலாம். அவர்கள் கப்பலுக்கும் இங்கே அப்படியே. நிரந்தரத் தளம் கிடையாது. போரில் துணைக்கு வரும் கட்டாயமும் கிடையாது.

அந்த உத்தரவாதம் இல்லாதது பெரிய குறைதான், அதிலும் சீன எல்லையை நினைத்தால். ஆனால் கூட்டணியில் இருந்தால் கட்டுப்பாடும் உண்டு. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கிய துருக்கியைப் பாருங்கள். அமெரிக்காவின் நேட்டோ ராணுவக் கூட்டணியில் உறுப்பினராக இருந்தும் 2019இல் எஃப்-35 போர்விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது, 2020இல் அமெரிக்கத் தடையும் வந்தது. அதே எஸ்-400ஐ நாமும் வாங்கினோம். அந்தத் தடை நம்மேல் விழவில்லை.

அமெரிக்கா போடும் இறக்குமதி வரி விஷயத்தில் இரண்டு வழியுமே காப்பாற்றாது. 2025இல் நமக்கு 50% வரை போட்டார்கள், ஜப்பானுக்கும் 15% விழுந்தது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. அதற்கு பக்கத்து அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் ஃபேக்டரி போன்ற நம் சொந்த ஆலைகள் வலுவாக இருந்தாக வேண்டும்.