6061 என்று பில், வந்தது பாத்திரத் தகடு: அலுமினியம் வாங்கும் ரூட்டர் பட்டறைக்காரர்கள் கவனிக்கவும்

காரைக்குடியில் மர வேலைக்கு சிஎன்சி ரூட்டர் (கணினி வைத்து ஓடும் செதுக்கு மெஷின்) ஓட்டுகிறோம். கதவு, நிலை, சாமி அறைப் பலகை, இதுதான் வழக்கமான வேலை. கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் தங்கள் வீட்டு இரண்டாம் கட்டு வெண்டிலேட்டருக்குப் பழைய பூவேலையை அப்படியே எடுத்து அலுமினியத்தில் 12 தட்டி கேட்டார்கள். வீட்டில் சாந்திக் கல்யாணம், அதற்குள் மாட்டியாக வேண்டும். 8 மி.மீ. தகடு, 6061 டி6 (மெக்னீசியமும் சிலிக்கானும் கலந்து, சூட்டுப் பதம் கொடுத்துக் கடினமாக்கிய அலுமினியம்) மட்டும்தான் வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி, வெளியூர்க் கடை ஒன்றில் முழுப் பணமும் கட்டினேன். சாதாரணத் தகட்டைவிடக் கிலோவுக்கு 110 ரூபாய் கூடுதல். பில்லிலும் 6061 என்றே போட்டிருந்தார்கள்.

முதல் தட்டியில் நாலாவது இதழ் வெட்டும்போதே பிட் முனையில் அலுமினியம் உருகி அப்பிக்கொண்டது. சீவல் உதிரவே இல்லை, வெட்டிய பள்ளத்திலேயே ஈயம் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பிசிறு, அப்புறம் பட்டென்று பிட் உடைந்தது. 6 மி.மீ. ஒற்றை வெட்டு கார்பைட் பிட், 18,000 சுற்று, நிமிடத்துக்கு 1200 மி.மீ. ஃபீட் (பிட் நகரும் வேகம்). இதே கணக்கில் முன்பு நல்ல 6061-ஐ வெட்டியிருக்கிறேன். கடைக்கு ஃபோன் செய்தால், "மெட்டீரியல் சரியாத்தான் இருக்கு, உங்க மெஷின் மரத்துக்குப் போட்டது, ஃபீடைக் குறைங்க" என்றார்கள். நம்பிக் குறைத்தேன். இன்னும் மோசமானது. மெதுவாக ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், சூடு ஏறும், ஒட்டல் கூடும். கோட்டிங் போட்ட பிட் வாங்கச் சொன்னார்கள், அதையும் வாங்கினேன். அந்தக் கோட்டிங்கிலேயே அலுமினியம் கலந்திருக்கிறது (டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு), அது அலுமினியத்தோடு இன்னும் சுலபமாக ஒட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மொத்தம் 7 பிட், 9 நாள் போனது. ஸ்பிண்டிலைக் கழற்றி பேரிங் பார்த்தோம், பெல்ட் பார்த்தோம், குற்றம் மெஷினில் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து லேத் பட்டறை அண்ணன்தான் ஒரு சின்னச் சிம்பை அறுத்து வைஸில் பிடித்துச் சுத்தியால் மடக்கிப் பார்த்தார். விரிசலே இல்லாமல் அப்படியே மடங்கிப் படிந்தது. "தம்பி, இது பாத்திரம் அடிக்கிற தகடு. டி6 இப்படி மடங்காது, வெளிப்பக்கம் கிழிஞ்சிடும்" என்றார். சரி, எதற்கும் ஆதாரம் வேண்டும் என்று ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு (உலோகத்தில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டுவது) கொடுத்தேன். அலுமினியம் 99 சதவீதத்துக்கு மேல், மெக்னீசியம் இல்லை என்றே சொல்லலாம். 6061 என்றால் மெக்னீசியம் 0.8 முதல் 1.2 சதவீதம் வரை இருக்க வேண்டும், கூடவே சிலிக்கானும் வேண்டும். ரிப்போர்ட்டை அனுப்பினேன். "அலுமினியம்னா அலுமினியந்தான் சார், வெட்டின தகட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில். கூடுதலாக வாங்கிய காசைக்கூடத் திருப்பித் தரவில்லை. எனக்குப் பணத்தைவிட, ஆச்சியிடம் போய்த் தேதி தள்ளிக் கேட்டு நின்றதுதான் தாங்கவில்லை.

தகடு வாங்கும்போது மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் (தகடு செய்த ஆலை தரும் சோதனைச் சான்று) கேளுங்கள், அதில் உள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) தகட்டில் அடித்த நம்பரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். எடை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுக்கும் அடர்த்தி ஏறக்குறைய 2.7 தான். 6061-ஆகவே இருந்தாலும் டி6 சூட்டுப் பதம் கொடுக்காத தகடு வந்தால் இதே கதைதான்: டி6-க்குப் பிரினெல் கடினம் 95 வாக்கில், பதம் இல்லாததற்கு வெறும் 30. ஸ்பெக்ட்ரோவில் அது தெரியாது, கடினச் சோதனைதான் காட்டும். வேறெதுவும் இல்லையென்றால் வெட்டத் தொடங்கும் முன் ஒரு சிம்பை மடக்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே சாஃப்ட் தகட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கோட்டிங் இல்லாத, பளபளப்பான ஒற்றை வெட்டு பிட் போட்டு, காற்று அடித்துச் சீவலை வெளியேற்றி, ஆழத்தைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தெளிக்கச் சொல்வார்கள், மரத்தூள் கிடக்கிற பட்டறையில் அது வேண்டவே வேண்டாம்.

ஆச்சிக்கு வேறு கடையில் சர்டிஃபிகேட்டோடு தகடு வாங்கி வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு பிட்டும் உடையவில்லை. பழைய தகட்டில் மிச்சம் இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் யாருக்காவது தங்கள் தகட்டில் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு எடுத்து வாருங்கள், இதோடு பக்கத்தில் வைத்து மடக்கிப் பார்க்கலாம்.