வார்ப்புக் களியை இளக்க எது நல்லது: சிலிக்கேட்டா, பாலிஅக்ரிலேட்டா?

பொம்மை, கிண்ணம் வார்க்கப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றும் களிக் கரைசல்தான் வார்ப்புக் களி. 10 கிலோ உலர்ந்த களிப்பொடியில் 4 லிட்டர் தண்ணீர் விட்டால் கரண்டி நட்டமாக நிற்கும். அச்சில் ஊற்ற முடியாது. தண்ணீரைக் கூட்டினால் பிளாஸ்டர் அச்சு அவ்வளவையும் உறிஞ்சியாக வேண்டும். காயும்போது பொம்மை சுருங்கி விரிசல் விடும். அதே வாளியில் 30, 40 கிராம் சோடியம் சிலிக்கேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். கண்ணெதிரே மோர்ப் பதத்துக்கு வந்துவிடும்.

களித் துகள்கள் மெல்லிய தகடுகள். ஒன்றின் ஓரம் இன்னொன்றின் முகத்தில் ஒட்டி, சீட்டுக்கட்டில் கட்டிய வீடு போல நின்று, நடுவே தண்ணீரைச் சிறைவைக்கும். சிலிக்கேட், தகடுகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தை விலக்கிச் சோடியத்தை அமர்த்தி எல்லாத் தகடுகளையும் ஒரேபோல எதிர்மறை (நெகட்டிவ்) மின்னூட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. செயற்கைப் பாலிமரான பாலிஅக்ரிலேட் மின்னூட்டம் தருவதோடு, நீள மூலக்கூறாகத் துகளில் படிந்து இடைவெளியும் காக்கிறது.

விலையில் சிலிக்கேட்தான் மலிவு. ஆனால் அளவு தப்பினால் மன்னிக்காது. 'இன்னும் கொஞ்சம் இளகட்டுமே' என்று ஒருமுறை கூடுதலாக ஊற்றினேன்; அரை மணியில் வாளி முழுக்க அல்வா! உபரிச் சோடியம் தள்ளுவிசையையே அடக்கிவிடுகிறது. பாலிஅக்ரிலேட்டும் மிஞ்சினால் கெட்டிப்படும்தான், ஆனால் கைதவற இடம் தருகிறது.

பலரும் கணக்கில் சேர்க்காதது அச்சு. சிலிக்கேட் பிளாஸ்டரோடு வினைபுரிந்து உட்புறத்தைத் தின்கிறது. வெள்ளை உப்புப் பூக்கிறது, உறிஞ்சும் திறன் குறைகிறது. நுணுக்கமான முகம் கொண்ட அச்சுக்கு நான் பாலிஅக்ரிலேட்தான் போடுவேன். பாட்டில் விலை அச்சின் ஆயுளில் திரும்பிவிடும். சாதாரணக் கிண்ணம், குவளைக்கு சிலிக்கேட்டோடு துளி சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போதும். அந்தக் கலவை அசையாமல் வைத்தால் லேசாக உறையும், கலக்கினால் இளகும். அந்த உறைவு ஓரளவு இருந்தால்தான் அச்சின் உட்புறத்தில் படியும் களிச் சுவர் சீக்கிரம் தடிக்கும். தண்ணீராக ஓடும் கரைசலில் சுவர் இறுகி, மெதுவாகத்தான் ஏறும்.

எதைப் போட்டாலும், ஒரு லிட்டர் கரைசல் 1.75 முதல் 1.8 கிலோ இருக்கிறதா என்று முதலில் எடை பாருங்கள். எடை சரியாக இருந்தும் இளகவில்லை என்றால் கழிவுக் களியில் பிளாஸ்டர் துணுக்கு கலந்திருக்கலாம். பேரியம் கார்பனேட் அதன் சல்பேட்டைப் பிடித்துவைக்கும். ஆனால் அது விஷம், வீட்டுப் பட்டறைக்கு ஆகாது. அச்சோரத்தில் சுரண்டும் களியை நான் தனி வாளியில் போட்டு எறிந்துவிடுகிறேன்.