டான் முவாங்கிலிருந்து சுவர்ணபூமிக்கு: பஸ்ஸா, டாக்ஸியா, ரயிலா?

சென்னையிலிருந்து ஏர்ஏசியாவில் பாங்காக் போனால் இறங்குவது டான் முவாங்கில். அங்கிருந்து ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் போட்டிருந்தால், ஏறவேண்டியது அநேகமாக சுவர்ணபூமியில். ஊர் ஒன்று, விமான நிலையம் இரண்டு. டான் முவாங் 1914லிருந்து இயங்கும் பழைய நிலையம், நகருக்கு வடக்கே. 2006 செப்டம்பரில் திறந்த சுவர்ணபூமி கிழக்கே. நேர்கோட்டில் அளந்தால் நடுவே 30 கிலோமீட்டர்கூட இல்லை. சாலையில் போனால் வழியைப் பொறுத்து 40 முதல் 50 வரை ஆகும்.

இந்தத் தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பாங்காக்கில் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல, எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஓடும் இலவசப் பேருந்துதான் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அடுத்த விமானத்துக்கான டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள். பெட்டிகளையும் வைத்துக்கொள்ளலாம். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். மாலை நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதிகாலை முதல் நள்ளிரவு வரைதான் ஓடுகிறது.

டாக்ஸி அதே சாலையில்தான் போகும். நெரிசல் நேரத்தில் காசு கொடுத்து அதே நெரிசலில் உட்காருவானேன்? மீட்டர் தொகையோடு 50 பாட் (தாய்லாந்து நாணயம்) விமான நிலையக் கட்டணமும், டோல் காசும் சேரும். ஆனால் நள்ளிரவு தாண்டி இறங்கினால், குழந்தைகளும் நான்கு பெட்டியும் கூட இருந்தால், யோசிக்காமல் டாக்ஸிதான். அந்நேரத்தில் முக்கால் மணியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

ரயிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். 2021ல் சிவப்புத் தடம் என்ற புறநகர் ரயில் ஓடத் தொடங்கியபின் இந்தப் பயணம் முழுவதையும் தண்டவாளத்திலேயே முடிக்கலாம். டான் முவாங்கில் ஏறி க்ருங் தேப் அபிவத் என்ற பெரிய நிலையத்தில் இறங்கவேண்டும். அங்கே எம்ஆர்டி எனப்படும் மெட்ரோ ரயிலின் நீலத் தடத்துக்கு மாறி பெட்சபுரி வரை. அப்புறம் பக்கத்திலேயே இருக்கும் மக்காசான் நிலையத்துக்கு நடந்துபோய் விமான நிலைய ரயில். மக்காசானிலிருந்து சுவர்ணபூமி 20 நிமிடம் சொச்சம். இரண்டு முறை மாறுவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மதியமானாலும் மாலை ஆறு மணியானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. விமானத்தைப் பிடிக்கப் போகிறவருக்கு அந்த நிச்சயம் பெரிய விஷயம். முதுகில் ஒரு பை மட்டும் என்றால் மாலை நேரத்தில் நான் ரயிலைத்தான் சொல்வேன். கனமான பெட்டிகளோடு மாலைக் கூட்டத்தில் எம்ஆர்டி ஏறுவது மட்டும் வேண்டாம்.

எதில் போனாலும், இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, தாய்லாந்துக்குள் நுழைந்துதான் வெளியே வரமுடியும். 2025 மே முதல் அதற்கு டிஜிட்டல் வருகை அட்டையையும் முன்கூட்டியே இணையத்தில் நிரப்பவேண்டும். அதனால் ஒரு விமானம் இறங்குவதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் நடுவே ஆறு மணி நேரமாவது வையுங்கள். நான்கு மணி நேர இடைவெளியில் மலிவு டிக்கெட் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

டாக்ஸி ஏறுகிறவர்களுக்கு ஒன்று: நாம் படிக்கிற மாதிரி 'சுவர்ணபூமி' என்று சொன்னால் ஓட்டுநர் விழிக்கலாம். அவர்கள் வாயில் அது 'சுவன்னபூம்'.