அனாட்டமி டேர்ம்ஸ் ஃப்ளாஷ் கார்டு: வாங்கலாம், ஆனா முதல் கார்டை நம்பாதீங்க

நர்ஸிங், ஃபிசியோ, எம்பிபிஎஸ்னு எதுல சேர்ந்தாலும் ஆரம்பத்துலயே ஆன்டீரியர் (முன்பக்கம்), போஸ்டீரியர் (பின்பக்கம்), மீடியல் (உடம்போட நடுக்கோட்டுப் பக்கம்), லேட்டரல் (நடுக்கோட்டை விட்டு வெளிப்பக்கம்)னு வரிசையா வந்து விழும்ல, அதுக்குன்னே போட்ட கார்டு பெட்டி இது. முன்னால பின்னால மேல கீழன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இவ்ளோ பில்டப்பான்னு தோணும், ஆனா ஆள் மல்லாக்கப் படுத்திருந்தா "மேல"ங்கறது தலைப்பக்கமா வயித்துப்பக்கமா? அந்தக் குழப்பமே வரக்கூடாதுன்னுதான் எல்லா டேர்மும் ஒரே போஸை வச்சுப் பேசுது. நேரா நிக்கணும், முகமும் பாதமும் முன்னாடி பாக்கணும், கை பக்கவாட்டுல தொங்கணும், உள்ளங்கை முன்பக்கம் தெரியணும். அப்புறம் ஆள் குப்புறப் படுத்தாலும் தலைகீழா தொங்கினாலும் மூக்கு வாய்க்கு சுப்பீரியர்தான், அதாவது தலைப்பக்கம்தான்.

இந்த போஸைக் காட்டுற முதல் கார்டுலயே சொதப்பிட்டாங்க. படத்துல உள்ளங்கை தொடையைப் பாத்து நிக்குது. அட இதுல என்னன்னு விட முடியாது, ஏன்னா உள்ளங்கை முன்னாடி இருந்தாதான் கட்டைவிரல் வெளிப்பக்கம் போகும், முழங்கைக்குக் கீழ உள்ள ரெண்டு எலும்புல ரேடியஸ் (கட்டைவிரல் பக்கத்து எலும்பு) லேட்டரலாவும் அல்னா (சுண்டுவிரல் பக்கத்து எலும்பு) மீடியலாவும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கும், உள்ளங்கையைப் பின்னாடி திருப்பினா ரேடியஸ் அல்னாவைக் குறுக்க தாண்டிடும். இதே பெட்டில கொஞ்சம் தள்ளி "கட்டைவிரல் சுண்டுவிரலுக்கு லேட்டரல்"னு ஒரு கார்டு வருது, முதல் படத்தைப் பாத்து வந்தவன் கட்டைவிரல் முன்னாடிதானே இருக்கு, ஆன்டீரியர்னுதானே வரணும்னு முழிப்பான், அவன் மேல தப்பே இல்ல.

ப்ராக்ஸிமல் (கை, கால் உடம்போட சேர்ற இடத்துக்குக் கிட்ட), டிஸ்டல் (அதுலருந்து தள்ளி) கார்டு ரெண்டும் நல்லா பண்ணிருக்காங்க. ஒரே முழங்கையைக் காட்டி, மணிக்கட்டுக்கு இது ப்ராக்ஸிமல், தோளுக்கு இது டிஸ்டல்னு போட்டிருக்கு. எதுக்கு எதுன்னு சேத்துச் சொல்லாம வெறுமனே "டிஸ்டல்"னு மனப்பாடம் பண்ணா வைவால (வாய்மொழித் தேர்வுல) மாட்டுவீங்க, அதை இந்தக் கார்டு சொல்லாமலே புரிய வச்சிடுது. டார்சல் கார்டும் ஓகே, பாதத்தோட மேல்பக்கம்தான் டார்சல்னு அம்பு போட்டுக் காட்டிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சிடி ஸ்கேன் கார்டு. வயித்தைக் குறுக்க வெட்டின மாதிரி படம், அதுல கல்லீரல் நமக்கு இடப்பக்கம் தெரியுது. ஆள் மல்லாக்கப் படுத்திருக்க நாம கால்பக்கம் நின்னு பாக்குறதா கணக்கு, அதனால அவரோட வலது நமக்கு இடது. வலது இடதுன்னா எப்பவும் அந்த உடம்போடது, பாக்குறவனோடது இல்ல. இதை ஒரே படத்துல முடிச்சிட்டாங்க, சபாஷ்.

ப்ளேன் (உடம்பை வெட்டிப் பாக்குற கற்பனைத் தளம்) கார்டு அரைகுறை. கொரோனல் (முன் பின்னா பிரிக்கிறது), ட்ரான்ஸ்வர்ஸ் (மேல் கீழா பிரிக்கிறது) ரெண்டும் சரி, ஆனா சாஜிட்டல்னா "உடம்பை ரெண்டு சம பாதியா பிரிக்கிறது"ன்னு போட்டுட்டாங்க. வலது இடதா சம பாதியா பிரிக்கிறது நடுவுல போற மீடியன் ப்ளேன் மட்டும்தான், அதுக்கு இணையா ஓரமா வெட்டினாலும் சாஜிட்டல்தான். அப்புறம் "லெக்"னு ஒரு கார்டுல இடுப்புலருந்து பாதம் வரைக்கும் கலர் அடிச்சிருக்கு, பேச்சுவழக்குல சரி, அனாட்டமில லெக்னா முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல உள்ளது மட்டும்தான், அதுக்கு மேல தை, அதாவது தொடை. ஆர்முக்கும் இதே கதைதான், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல. அது மட்டும் எப்படியோ சரியா இருக்கு!

அப்டக்‌ஷன், அடக்‌ஷன், ஃப்ளெக்‌ஷன் மாதிரி அசைவு டேர்ம் எதுவுமே இல்ல, அதனால ஃபிசியோ ஆளுங்களுக்கு இது பத்தாது. மத்தவங்களுக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார் தரலாம். கார்டு மேட் ஃபினிஷ்ல இருக்கு, பேனாவுல எழுதினா அழியல, அதனால லெக் கார்டையும் சாஜிட்டல் கார்டையும் அதுலயே அடிச்சுத் திருத்திக்கலாம். முதல் கார்டைத் தூக்கிப் போட்டுட்டு கண்ணாடி முன்னாடி உள்ளங்கையைக் காட்டி நின்னு பழகுங்க, கண்ணாடில தெரியுற வலது இடதை மட்டும் கணக்குல எடுத்துக்காதீங்க.