பத்து மடங்கு என்று விற்ற விளக்கு

ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவுகளை அறுக்கும் மெஷின்) வைத்திருப்பவர்கள், குறிப்பாக வெள்ளெழுத்து தொடங்கிவிட்டவர்கள், லென்ஸ் வைத்த விளக்கு வாங்கும் யோசனையில் இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு 4,850 ரூபாயும் கட்டைவிரல் நகத்தில் ஒரு துண்டும் போயிற்று.

நான் கோவையில் வீட்டிலேயே மரப் பெயர்ப்பலகை செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் தமிழ் எழுத்துகள். ஆங்கில எழுத்தை அறுப்பதற்கும் தமிழை அறுப்பதற்கும் இருக்கும் வித்தியாசம் அறுத்தவருக்குத்தான் தெரியும். 'ண' என்றால் சுழி, 'ஞ' என்றால் சுழிக்குள் சுழி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, பிளேடைக் கழற்றி அதற்குள் கோத்து, மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். நான் போடும் 2/0 என்ற நுண்ணிய அளவுப் பிளேடு கால் மில்லிமீட்டர் கனம்தான். பென்சில் கோட்டின் எந்தப் பக்கம் பிளேடு போகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாத நாள் வந்ததும் லென்ஸ் தேடத் தொடங்கினேன்.

போனில் ஒரு விளம்பர வீடியோ வந்தது. ஐந்து அங்குல லென்ஸ், சுற்றிலும் எல்இடி வளையம், மேசையில் பிடிக்கும் கிளாம்ப், '10எக்ஸ், அசல் கண்ணாடி'. வீடியோவில் ஒருவர் அதன் கீழே மயில் தோகையை அறுத்துக்கொண்டிருந்தார். தோகையின் ஒவ்வொரு இழையும் கயிறு மாதிரி தெரிந்தது. பணத்தைக் கட்டிவிட்டேன்.

வந்த விளக்கில் எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நம் கண்தான் இன்னும் மோசமாகிவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். தெருமுனையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். ஐம்பது வருடமாகக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். கடை வாசலுக்கு எதிரே தெரிந்த வீட்டின் உருவம் உள்சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும் வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினார். பிறகு சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஸ்கேலை வைக்கச் சொன்னார். 33 சென்டிமீட்டர்.

"இது பத்தும் இல்லை, அஞ்சும் இல்லைங்க அம்மணி. ரெண்டுகூட வராது" என்றார்.

கணக்கு சுலபம். அந்த 33 சென்டிமீட்டர்தான் லென்ஸின் குவியத் தொலைவு. 100-ஐ அதனால் வகுத்தால் லென்ஸின் திறன், 3 டயாப்டர். டயாப்டரை நாலால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் உருப்பெருக்கம்: 1.75. உண்மையாகவே பத்து மடங்கு வேண்டுமென்றால் குவியத் தொலைவு மூன்று சென்டிமீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும். அப்படி ஒரு லென்ஸ் இருந்தாலும் அதற்கும் மரத்துக்கும் நடுவில், பிளேடைப் பிடித்திருக்கும் ஸ்க்ரோல் சாவின் மேல்கை எங்கே போகும்? வீட்டுக்கு வந்து பிளஸ் டூ இயற்பியலைக் கிளறிப் பார்த்தேன். ஐந்து அங்குல விட்டத்தில் கண்ணாடியை முழுப் பந்தாகவே வார்த்தாலும் அதன் குவியத் தொலைவு ஒன்பதரை சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கும், உருப்பெருக்கம் நான்கைக்கூடத் தொடாது. ஆகவே அகலமான ஒற்றை லென்ஸில் 10எக்ஸ், 20எக்ஸ் என்று யார் எழுதியிருந்தாலும் பக்கத்தை மூடிவிடலாம். டயாப்டர் எவ்வளவு என்று கேளுங்கள். 3, 5, 8 என்று பதில் வந்தால் பேசலாம். 8 டயாப்டருக்கே மரம் லென்ஸிலிருந்து 12 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஓடும் பிளேடுக்கு அவ்வளவு பக்கத்தில் என்னால் உட்கார முடியாது.

'அசல் கண்ணாடி' என்பதும் பொய். அக்ரிலிக். மரத்தூளை உலர்ந்த துணியால் நாலு முறை துடைத்ததும் நடுவில் மேகம் மாதிரி கீறல். நகத்தால் தட்டியபோதே பிளாஸ்டிக் சத்தம் வந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

சரி, பணம்தானே என்று விட்டிருப்பேன். விளக்கு செய்த வேலைதான் இதை எழுத வைத்தது.

ஒரு ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, இந்த வளைய வெளிச்சத்தில் மட்டும் அறுத்துக்கொண்டிருந்தேன். மெஷினின் வேகத்தை நிமிடத்துக்கு 1,500-க்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். திடீரென்று பிளேடு அசையாமல் நிற்கிற மாதிரி இருந்தது. பல் பல்லாகத் தெரிந்தது. மோட்டார் சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் கை கண் சொன்னதைத்தான் கேட்டது. தூளைத் தள்ளக் கட்டைவிரலைக் கொண்டுபோனேன். நல்லவேளை, மெல்லிய பிளேடு. நகமும் கொஞ்சம் சதையும்தான் போயின.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சரியான டிரைவர் சர்க்யூட் இல்லாத மலிவு எல்இடி நொடிக்கு 100 முறை மின்னி மின்னி எரியும். நிமிடத்துக்கு 1,500 என்றால் பிளேடு நொடிக்கு 25 முறை மேலும் கீழும் போய் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மின்னல்கள், எப்போதும் அதே நான்கு இடங்களில். ஓடுகிற பிளேடு நின்றதாகக் கண் நம்பிவிடும். விளக்கு கையில் இருந்தால் அதன் கீழே ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். நல்ல விளக்கில் மங்கலான ஒரே பட்டையாகத் தெரியும். மோசமான விளக்கில் நாலைந்து பென்சில்கள் தனித்தனியாக நிற்கும். போன் கேமராவில் பார்த்தாலும் கறுப்புப் பட்டைகள் ஓடும்.

வளைய வெளிச்சமே இந்த வேலைக்கு ஒத்துவராது என்பது என் கட்சி. சுற்றிலும் இருந்து விழுவதால் நிழலே இல்லை, நிழல் இல்லாமல் பிளேடு தொடும் இடம் தெரியாது. மரம் கருகாமல் இருக்க மாதிரிப் படத்தின் மேல் பேக்கிங் டேப் ஒட்டுவோமே, அதில் அந்த வளையம் அப்படியே பளபளக்கும். கோடு அதற்குள் காணாமல் போகும்.

இன்னொன்று. லென்ஸுக்கு மூடி கொடுக்கவில்லை. ஒரு காலை ஜன்னல் வெயில் அதன் வழியாக விழுந்து, மேசையில் கிடந்த பிளைவுட் துண்டில் பழுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. கருகல் வாசனை கேட்டு ஓடிவந்தேன். பக்கத்தில் மரத்தூள் குவியல். இப்போது என் எல்லா லென்ஸுக்கும் துணி உறை உண்டு.

விற்றவரைக் கூப்பிட்டேன். "மேடம், எக்ஸ் எல்லாம் மார்க்கெட்டிங்குக்குப் போடறது. எல்லாருமே அப்படித்தான் போடறாங்க" என்றார். கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. பிரித்துப் பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார். அதை எழுதியது எனக்கு நல்லதாகப் போயிற்று. இணைய விற்பனைக்கான 2020 விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், ஸ்கேலோடு எடுத்த சுவர் போட்டோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அந்த அளவுக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் 4,400 வந்தது. மீதி கூரியர் செலவாம். விட்டுவிட்டேன்.

இப்போது தலையில் மாட்டும் உருப்பெருக்கிதான். ஆப்டிவைசர் மாதிரியானவற்றில் 1.75 மடங்கு லென்ஸ் தகட்டுக்கு 14 அங்குலத் தொலைவு கிடைக்கிறது, இரண்டரைக்கு 8 அங்குலம். எனக்கு 1.75 போதும். ஆமாம், அந்த மோசடி விளக்கில் இருந்த அதே அளவுதான். உள்ளதை உள்ளபடி எழுதி விற்றிருந்தால் சண்டையே வந்திருக்காது. கீழே பாதுகாப்புக் கண்ணாடி தனியாகப் போட்டுக்கொள்கிறேன், லென்ஸ் அதற்கு மாற்று இல்லை. வெளிச்சத்துக்கு, வளையும் கழுத்துள்ள சாதாரண விளக்கு ஒன்று இடது பக்கம் தாழ்வாக. வாங்கும்போது கடையிலேயே பென்சிலை ஆட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்த்தார்.

போன வாரம் அதே மயில் தோகை வீடியோ வேறு பெயரில் வந்தது. இப்போது 20எக்ஸ். விலையில் நூறு ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.