கருப்பு ஓஸ்: மண்ணுக்குள்ளே சரி, மாடியில் வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் எங்கள் தோப்புக் கிணற்றிலிருந்து வீட்டு மாடித் தொட்டிக்கு 32 எம்.எம். கருப்பு ஓஸ் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கடை பில்லில் எச்.டி.பி.இ. (பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக்கில் ஒரு வகை) என்று இருக்கும், ஊரில் கருப்பு ஓஸ் என்றால்தான் தெரியும். பக்கத்துத் தோப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

இதற்கு முன்னால் வாப்பா காலத்து ஜி.ஐ. பைப், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய் கிடந்தது. கடல் காற்றும் உவர் மண்ணும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்தன. கடைசியில் விரலால் அழுத்தினாலே துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் இரண்டு வருடம் பி.வி.சி. தேங்காய் ஏற்ற டிராக்டர் வரும் பாதையில் மணல் அமுங்க அமுங்க ஜாயின்ட் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தது. கருப்பு ஓஸில் அந்தத் தொல்லை இல்லை. கிணற்றுக்கும் வீட்டுக்கும் 90 மீட்டர். 100 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினோம், நடுவில் ஜாயின்டே கிடையாது. மணல் இறங்கினால் பைப்பும் கூடவே வளைந்து கொடுக்கிறது. துருப் பேச்சே இல்லை. இந்த வேலைக்கு நான் முழு மார்க் போடுவேன்.

ஆனால் போட்ட மறுநாளே அழவைத்தது. சுருளைப் பிரித்தால் பாம்பு மாதிரி மறுபடி சுருண்டுகொள்ளும். அதனால் பிளம்பர் தம்பி காலையிலேயே வெயிலில் விரித்துப் போட்டார். மத்தியானம் தொட்டால் கை சுடுகிற சூட்டில், நன்றாக இளகியிருந்தது. "இப்பத்தான் லாத்தா சொன்ன பேச்சு கேக்கும்" என்று என்னிடம் (லாத்தா என்றால் அக்கா) சொல்லி, கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இழுத்து இரண்டு பக்கமும் மாட்டிவிட்டார். பள்ளத்தை மறுநாள் மூடலாம் என்று போய்விட்டார். விடிகாலையில் மோட்டார் போட்டேன். வீட்டுப் பக்க மூட்டு கழன்று, கொல்லை முழுக்கத் தண்ணீர்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்தப் பிளாஸ்டிக் ஒரு டிகிரி குளிர்ந்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. 90 மீட்டருக்கு, ராத்திரி இருபது டிகிரி இறங்கினால் 36 சென்டிமீட்டர், ஒரு அடிக்கு மேல். விறைப்பாக இழுத்த பைப் அந்த ஒரு அடிக்கு எங்கே போகும்? மூட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது தடவை பள்ளத்துக்குள் நெளிநெளியாகப் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மாட்டி, அன்றைக்கே மணலைத் தள்ளி மூடினோம். அதோடு சரி.

மூட்டு மாட்டுவதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதற்குப் பசை ஒட்டவே ஒட்டாது, பி.வி.சி. பசையைத் தடவினால் காய்ந்து உரிந்து வரும். நட், பல் வளையம், ரப்பர் வளையம் இருக்கிற முறுக்கு மூட்டுத்தான் வேண்டும். ஆக்சா பிளேடால் நேராக அறுத்து, ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவி, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே முட்டும் வரை தள்ள வேண்டும். எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று முதலிலேயே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முதல் மூட்டு பாதிதான் போயிருந்தது. தம்பி ஒத்துக்கொண்டார்.

ஆறு கிலோ பைப் போதுமா என்று கேட்கிறார்கள். ஆறு கிலோ என்றால் சுமார் 60 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். எங்கள் தொட்டி முப்பதடி உயரத்தில் இருக்கிறது. பத்து கிலோ வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினார்கள், நான் வாங்கவில்லை. ஆனால் ஐ.எஸ். 4984 என்று அச்சடித்திருக்கிறதா, குடிதண்ணீர்ப் பைப்புக்குரிய நீலக் கோடு ஓடுகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய மலிவுச் சரக்கு பக்கத்திலேயே தொங்கும். மூக்கில் வைத்தால் வாடை அடிக்கும், சுவர் ஓரிடம் தடியாக, ஓரிடம் மெலிசாக இருக்கும்.

மண்ணுக்கு வெளியே வந்தால்தான் இதன் குணம் மாறுகிறது. மீந்ததில் ஒரு துண்டை மாடிச் சுவரில் ஏற்றினோம். இரண்டு கிளிப்புக்கு நடுவில் தொப்பை போட்டுத் தொங்கியது. மூலையில் மடக்கினால் நெளிந்து அடைத்துக்கொள்கிறது; 32 எம்.எம். பைப் வளைய இரண்டு, இரண்டரை அடி ஆரம் கொடுக்க வேண்டும், இல்லை எல்போ போட வேண்டும். கருப்பு நிறம் வெயிலைத் தாங்கத்தான், அது உண்மை. ஆனால் மத்தியானம் குழாயைத் திறந்தால் ஒரு வாளி சுடுதண்ணீர் வரும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஜாக்கிரதை.

மோட்டாருக்கு உறிஞ்சுகிற பக்கம் மெலிசு ஓஸ் போடவே கூடாது. மோட்டார் உறிஞ்சுகிற இழுப்பில் சப்பையாகிவிடும். அங்கே கம்பிச் சுருள் வைத்த ஓஸ்தான். சோலார் ஹீட்டர் தண்ணீருக்கும் இது ஆகாது, சூட்டில் இளகிவிடும். துபாயில் இருக்கிற காக்கா (அண்ணன்), "அதுக்குப் பெக்ஸ் பைப் வாங்கு" என்றார். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறு இழைகளைக் குறுக்கே பிணைத்துச் செய்தது. 82 டிகிரி வெந்நீரை 7 பார் அழுத்தத்தில் தாங்கும். இருந்தாலும் வெயில் ஆகாது, மூட்டு மாட்டத் தனிக் கருவி வேண்டும். ராமநாதபுரத்தில் நான் ஏறி இறங்கிய நாலு கடையிலும் இல்லை. வெந்நீர் தாங்குகிற பி.வி.சி. வகையான சி.பி.வி.சி. போட்டுக்கொண்டேன், குறையில்லை.

போன வாடைக் காலத்தில் தென்னைக்குப் பாத்தி வெட்டியவர் மண்வெட்டியால் ஒரு போடு போட்டார். பைப் ஒரு அடி ஆழத்தில்தான் கிடந்தது, தப்பு என்னுடையது. வெட்டுப்பட்ட இடத்தை அறுத்துவிட்டு, மீதித் துண்டில் ஒரு முழம் வைத்து இரண்டு மூட்டுப் போட்டோம், அரை மணி நேர வேலை. இப்போது அந்த இடத்தில் செங்கல் அடுக்கி மூடியிருக்கிறது. மிச்சம் இருந்த ஆறு மீட்டரைப் பக்கத்துத் தோப்பு மாமா இரவல் வாங்கிப் போனார். இன்னும் வரவில்லை.