48,000 போனது: துணிக்கலையை ஆன்லைனில் கற்றுக்கொடுப்பவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று நானும் விட்டுவிடுவேன், அடுத்து வேறு யாராவது அதே இடத்தில் போய் மாட்டுவார்கள். கைவேலை வகுப்புகளை ஆன்லைனில் நடத்தித் தரும் ஒரு தளத்திடம் எனக்கு வரவேண்டிய 48,000 ரூபாய் நிற்கிறது. வராது என்று நேற்று ஏறக்குறையச் சொல்லியே விட்டார்கள். பெயரைப் போடவில்லை. இந்த மாதிரித் தளங்களில் சேரும்முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் சொல்லித்தருவது மிக்ஸ்ட் மீடியா துணிக்கலை. ஒரே துணியில் சாயம், அக்ரிலிக், ஜெல் பிளேட் அச்சு (மெத்தென்ற தகட்டில் வண்ணம் தடவி ஒற்றி எடுப்பது), கிழித்து ஒட்டிய காகிதம், ஆர்கன்சா என்ற மெல்லிய ஊடு தெரியும் துணி, எல்லாவற்றுக்கும் மேல் கைத்தையல். இதை ஆன்லைனில் எடுப்பது நேரில் எடுப்பதைவிட இரண்டு மடங்கு வேலை. ஊசி இறங்கும் இடம் தெரிய கேமரா நேர் மேலே நிற்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், இல்லையென்றால் தையலின் மேடு பள்ளமே தெரியாது. சாயம் ஊறும்வரை யாரும் திரை முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதிரியை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். அந்த 48,000 இத்தனைக்கும் சேர்த்த கூலி.

தளத்திலிருந்து பேசியவர் முதல் அழைப்பிலேயே என் வேலையைப் பற்றித்தான் பேசினார். "அந்த நீலத் துணியில ஓரத்து நூலை வெட்டாம அப்படியே தொங்கவிட்டிருக்கீங்களே மேடம், அதுதான் எனக்குப் பிடிச்சது" என்றார். அந்த நூலைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வேலையை உட்கார்ந்து பார்த்தவர் என்று நம்பினேன். "நீங்க கத்துக்கொடுங்க மேடம், பணம் வாங்குறது, பொருள் அனுப்புறது, ஆள் சேர்க்கிறது எல்லாம் எங்க பொறுப்பு" என்றார். ஆறு வார வகுப்பு, முடிந்ததும் மொத்தமாகப் பணம் என்று பேச்சு. அவர்கள் பங்கு போக எனக்கு 48,000.

மாணவர்களுக்குத் தளம் அனுப்பும் பொருள் பெட்டிக்கு நான் கொடுத்த பட்டியலில் முதல் வரியே "நூறு சதவீதம் பருத்தி, கஞ்சி நீக்கியது" என்பதுதான். வகுப்பில் பயன்படுத்துவது சோடா ஆஷ் என்ற காரத்தூளுடன் சேர்த்துப் போடும் ரியாக்டிவ் சாயம். அது பருத்தி இழையோடு வேதிவினை செய்து பிணைந்துகொள்ளும். பாலியெஸ்டரோடு அப்படிப் பிணையாது, அலசினால் போய்விடும். சாய வகுப்புக்கு மறுநாள் எல்லோரும் துணியை அலசிக் கேமரா முன் தூக்கிக் காட்டினார்கள். வாளித் தண்ணீர் ரத்தச் சிவப்பு, கையில் இருந்த துணியோ வெளிறிய ரோஜா நிறம். ஒரு அம்மா சொட்டச் சொட்டத் துணியைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?" என்று கேட்டார். அவர் எதுவும் தப்புச் செய்யவில்லை. மிச்சத் துணியிலிருந்து இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பார்க்கச் சொன்னேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டால் உதிரும். அவருடைய இழை பாலியெஸ்டர் மாதிரி சுருங்கி உருகிக் கெட்டியான உருண்டையாக நின்றது. அத்தனை பேர் பெட்டியிலும் அதே துணி.

வகுப்பு முடிந்த பிறகுதான் இழுத்தடிப்பு தொடங்கியது. பணம் கேட்டால் "ப்ராசஸில் இருக்கிறது" என்றார்கள். சரி என்று பொறுத்தேன். பிறகு, மாணவர்கள் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் காலம் முடியவேண்டும் என்றார்கள். அதுவும் முடிந்தது. அப்புறம் "கணக்குப் பிரிவில் கேளுங்கள்". கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசி எண்ணே கிடையாது, ஒரு சாட் பெட்டிதான். அதில் என் கேள்வியைப் போட்டால் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று அதுவே மூடிக்கொள்ளும். தொங்கும் நூலைப் பாராட்டியவர் என் எண்ணைப் பார்த்ததும் அழைப்பைத் துண்டிக்கிறார். நேற்று ஒருவழியாக ஒரு பதில் வந்தது: "பொருள் பெட்டி குறித்து மாணவர்களிடமிருந்து புகார்கள் வந்துள்ளதால் ஆசிரியர் தொகை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது." துணியை வாங்கியது அவர்கள், அனுப்பியது அவர்கள், நிற்பது என் 48,000!

இதைவிட வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. வகுப்பின் பதிவை இன்றைக்கும் தளத்தில் விற்கிறார்கள். என் கை, என் குரல், நான் செய்து வைத்த மாதிரிகள். எடுத்துவிடுங்கள் என்றால், பதிவு தளத்துக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். ஆசிரியருக்கு எந்தத் தேதியில் பணம் என்பது மட்டும் அதே ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. எனக்குச் சல்லிக்காசு தராமல் என் வகுப்பில் சம்பாதித்துக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர்?

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பணம் வரும் தேதி எழுத்தில் இல்லாத இடத்தில் சேராதீர்கள். வாரா வாரம் தரச் சொல்லிக் கேளுங்கள், மழுப்பினால் விலகிவிடுங்கள். துணியை நீங்களே வாங்கி எரித்துப் பார்த்து அனுப்புங்கள், முடியாவிட்டால் பட்டியலைக் கொடுத்து மாணவர்களையே வாங்கச் சொல்லுங்கள். பதிவு யாருக்குச் சொந்தம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மாணவர்களின் தொடர்பு விவரம் உங்கள் கையிலும் இருக்கட்டும். அதை எனக்குத் தர மறுத்துவிட்டார்கள்.

அதனால் இங்கேயே கேட்கிறேன். அந்த ஆறு வார வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். சாய வகுப்பை நல்ல பருத்தித் துணியில் முதலிலிருந்து மறுபடி எடுக்கிறேன், கட்டணம் கிடையாது. அதே தளத்தில் பணம் நிற்கிற ஆசிரியர்களும் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.